வேலை அனுமதி அட்டை உண்மையானதா என்பதை முதலாளி எவ்வளவு தூரம் பார்க்க வேண்டும்? (அமெரிக்கா: ஈஏடி, ஐ-9)

எடிசன்_கடைக்காரர்:

அனைவருக்கும் வணக்கம். நான் நியூ ஜெர்சியில் ஒரு மளிகைக் கடையும், அதை ஒட்டியே ஒரு சிற்றுண்டிச் சாலையும் நடத்தி வருகிறேன். ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். வரும் திங்கள்கிழமை இன்னும் இருவர் சேருகிறார்கள். ஒருவர் நம் ஊர்ச் சமையல்காரர். மற்றவர் ஈக்வடாரிலிருந்து வந்திருக்கும் ஒரு பெண்மணி, கல்லாவில் நிற்பார். வேலை உறுதியான பிறகு, ஐ-9 படிவத்துக்காக (புதிதாகச் சேருபவர் யார், வேலை செய்ய உரிமை உண்டா என்று முதலாளி சரிபார்த்து நிரப்பும் அரசுப் படிவம்) இருவருமே ஈஏடி என்னும் வேலை அனுமதி அட்டையைக் கொண்டுவந்து காட்டினார்கள்.

இரண்டு அட்டைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது எனக்குக் குழப்பம் வந்துவிட்டது. ஒரே அரசாங்கம் தந்த ஒரே வகை அட்டைகள்தாம், ஆனால் படத்தின் இடமும், எழுத்துகளின் வரிசையும், பின்னணி ஓவியமும் வேறு வேறாக இருக்கின்றன. அந்த அம்மாவின் அட்டையில் பின்பக்கப் படத்தைச் சுற்றி ஏதோ ஒளி ஊடுருவுவது போன்ற ஒரு பகுதி இருக்கிறது. அதைத்தான் நான் சந்தேகப்படுகிறேன். நம் ஊர்க்காரருடையது நான் முன்பு பார்த்துப் பழகிய அட்டை. தேதி மட்டும் தாண்டியிருக்கிறது, ஆனால் புதுப்பிக்க விண்ணப்பித்ததற்கான கடிதம் கையில் வைத்திருக்கிறார்.

என் கேள்விகள் இரண்டு. அட்டை எண்ணைத் தட்டினால் உண்மையா போலியா என்று சொல்லும் அரசாங்க இணையதளம் ஏதும் உண்டா? பாதுகாப்புக்காக அந்த அம்மாவிடம் மட்டும் சோஷியல் செக்யூரிட்டி (சமூகப் பாதுகாப்பு எண்) கார்டையும் கூடுதலாகக் கேட்டு வைத்துக்கொள்ளலாமா?

டல்லஸ்_மனிதவளம்:

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் ஆபத்து இருக்கிறது. கேட்கக் கூடாது. ஈஏடி என்பது ஐ-9 படிவத்தின் ஏ பட்டியலில் உள்ள ஆவணம். ஆள் யார் என்பதையும் வேலை செய்ய உரிமை உண்டு என்பதையும் அது ஒன்றே காட்டிவிடுகிறது. அதற்கு மேல் இன்னொன்றைக் கொண்டு வா என்று சொல்வதும், இந்த ஆவணம்தான் வேண்டும் என்று பெயர் குறித்துக் கேட்பதும், குடியுரிமை நிலையையோ பிறந்த நாட்டையோ மனத்தில் வைத்துச் செய்யப்பட்டால் சட்டவிரோதமான பாகுபாடாகும். நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்கள் உள்ள எல்லா இடங்களுக்கும் இது பொருந்தும். உங்களிடம் ஒன்பது பேர் இருக்கிறார்கள். நீதித் துறையின் குடிமை உரிமைப் பிரிவில் இதற்கென்றே ஓர் அலுவலகம் இயங்குகிறது. அங்கே முதலாளிகளுக்குத் தனித் தொலைபேசி வழி உண்டு, பெயர் சொல்லாமலே சந்தேகம் கேட்கலாம். சம்பளப் பட்டியலுக்கும் வரிக்கும் சோஷியல் செக்யூரிட்டி எண் வேண்டுமென்றால் வரிப் பிடித்தத்துக்கான டபிள்யூ-4 படிவத்தில் எழுதி வாங்குங்கள். அது வேறு வேலை, ஐ-9 வேறு வேலை.

இனி அட்டைக்கு வருவோம். இரண்டும் வேறு மாதிரி இருப்பதற்குக் காரணம் எளிது. இந்த அட்டைகளை வழங்கும் குடிவரவுத் துறையான யுஎஸ்சிஐஎஸ் 2017 மே 1 முதல் ஒரு வடிவமைப்பைக் கொண்டுவந்தது: இரண்டு பக்கமும் ஆளின் படம், ஈஏடி என்றால் கழுகின் உருவத்தோடு சிவப்புச் சாயல், கிரீன் கார்டு என்றால் சுதந்திர தேவி சிலையோடு பச்சைச் சாயல், உள்ளே பதிந்த ஹாலோகிராம். அட்டையில் கையொப்பம் இடம்பெறுவது அப்போதுதான் நின்றது. பிறகு 2023 ஜனவரி 30 முதல் இன்னொரு வடிவமைப்பு. அதில் தொட்டால் தட்டுப்படும் அச்சு ஓவியத்தோடு சேர்ந்தே வரும், அட்டையைச் சாய்த்தால் மையின் நிறம் மாறும், முன்னும் பின்னும் ஹாலோகிராம் இருக்கும், பின்பக்கப் படக் கட்டத்தில் ஒரு பகுதி சாளரம் போல ஒளியை விடும். விவரங்கள் அச்சாகும் இடங்களும் மாறின. நீங்கள் சந்தேகப்பட்ட அந்த ஒளி ஊடுருவும் பகுதி புதிய அட்டையின் பாதுகாப்பு அம்சம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கையிருப்பில் இருந்த பழைய அட்டைகள் தீரும் வரை அவற்றிலும் அச்சிடுவோம் என்று யுஎஸ்சிஐஎஸ் அப்போதே அறிவித்தது. ஆகவே 2023 ஜனவரிக்குப் பிறகு வழங்கப்பட்ட அட்டை பழைய தோற்றத்தில் இருப்பது போலி என்பதற்கு அடையாளமாகாது.

பழைய_குமாஸ்தா:

குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் பல ஆண்டுகள் எழுத்தராக இருந்தவன் என்ற முறையில் சட்டத்தின் அளவுகோலைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

1986 நவம்பர் 6 அன்று அதிபர் ரீகன் கையெழுத்திட்ட சட்டத்திலிருந்துதான் இந்த ஐ-9 பிறந்தது. அதன் பிறகு வேலைக்குச் சேர்ந்த ஒவ்வொருவருக்கும், குடிமக்களுக்கும்கூட, இந்தப் படிவம் உண்டு. சட்டம் முதலாளியிடம் எதிர்பார்ப்பது இவ்வளவுதான்: காட்டப்பட்ட ஆவணம் நியாயமாகப் பார்த்தால் உண்மையானதாகத் தோன்ற வேண்டும், காட்டியவருக்கு உரியதாகவும் தோன்ற வேண்டும். தடயவியல் நிபுணரின் கண் உங்களுக்கு வேண்டும் என்று எங்குமே சொல்லப்படவில்லை. 1991-இல் மேற்கு மாநிலங்களுக்கான ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த காலின்ஸ் ஃபூட்ஸ் வழக்கில், அரிசோனாவில் இருந்த ஓர் உணவகம் போலியான சோஷியல் செக்யூரிட்டி கார்டு ஒன்றை ஏற்றுக்கொண்டிருந்தது. அட்டையின் பின்பக்கத்தை அரசுக் கையேட்டில் உள்ள மாதிரியோடு ஒப்பிட்டிருந்தால் தெரிந்திருக்குமே, ஆகையால் தெரிந்தே வேலை கொடுத்ததாகக் கருத வேண்டும் என்று அரசு வாதாடியது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நியூ ஜெர்சி அந்த வட்டத்துக்குள் வராது என்றாலும், அளவுகோல் எங்கே நிற்கிறது என்பதைப் புரிந்துகொள்ள அந்தத் தீர்ப்பு உதவும்.

இதைச் சொல்வதால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடலாம் என்று பொருள் இல்லை. அட்டையைக் கையில் வாங்கிப் பாருங்கள். படம் எதிரில் நிற்பவருடையதா, ஓரத்தில் உறை பிரிந்து வருகிறதா, படத்தைச் சுற்றி வெட்டி ஒட்டிய தடம் இருக்கிறதா, அரசுத் துறையின் பெயரிலேயே எழுத்துப் பிழை இருக்கிறதா, சாய்த்தால் ஹாலோகிராம் அசைகிறதா அல்லது அச்சடித்த படம்போல அப்படியே கிடக்கிறதா என்று பாருங்கள். முன்பக்கத்தில் யுஎஸ்சிஐஎஸ் எண், வகைக் குறியீடு, மூன்று எழுத்தும் பத்து இலக்கமும் கொண்ட அட்டை எண் ஆகியவை இருக்கும். பின்பக்கத்தின் அடியில் இயந்திரம் படிப்பதற்காக மூன்று வரிகள் இருக்கும். அவற்றில் இரண்டாவது வரியில் பிறந்த தேதியும் காலாவதித் தேதியும் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் ஆறாறு இலக்கங்களாக வரும். முன்பக்கத்தில் ஒரு தேதியும் பின்பக்கத்தில் வேறொரு தேதியும் இருந்தால் வெறும் கண்ணுக்கே தெரியும். இப்படிப் பார்க்கச் சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. பார்ப்பதென்றால் எல்லோருடைய அட்டையையும் அப்படியே பாருங்கள். ஈக்வடார் அம்மாவின் அட்டைக்குப் பூதக்கண்ணாடியும் நம் ஊர்க்காரர் அட்டைக்கு ஒரு புன்னகையும் என்று இருந்தால், அட்டை இரண்டும் உண்மையாகவே இருந்தாலும் குற்றம் உங்கள் பக்கம் வந்துவிடும்.

வாணி_எச்4:

பழைய குமாஸ்தா ஐயா சொன்னதற்கு மறுபக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. என் கணவர் எச்-1பி என்னும் வேலை விசாவில் இருக்கிறார். அந்த விசாக்காரரோடு வரும் எச்-4 துணைவர்களில் தகுதியுள்ளோருக்கு 2015 மே மாதம் முதல் வேலை அனுமதி கிடைக்கிறது. என் அட்டையில் வகை சி26 என்று இருக்கும். ஒரு நிறுவனத்தில் நேர்காணல் எல்லாம் முடிந்து, முதல் நாளன்று அட்டையைக் காட்டியபோது, "இது அடுத்த ஆண்டே முடிந்துவிடுகிறதே, கிரீன் கார்டு இல்லையா?" என்று கேட்டு, மேலிடத்தில் பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று அனுப்பினார்கள். அப்புறம் அழைக்கவே இல்லை. அட்டை செல்லுபடியாகும் காலத்தில்தான் இருந்தது. எதிர்காலத்தில் காலாவதியாகும் என்பதற்காக ஓர் ஆவணத்தை நிராகரிக்கக் கூடாது என்ற விதி அப்போது எனக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரிந்திருக்கவில்லை போலும்.

கடைக்கார அண்ணாவுக்கு ஒரு வேண்டுகோள். அட்டையில் உள்ள வகைக் குறியீட்டைப் பார்த்து அந்த அம்மாவின் கதையைக் கேட்காதீர்கள். சி08 என்றால் அடைக்கலக் கோரிக்கை நிலுவையில் இருப்பவர், சி09 என்றால் கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருப்பவர், சி03பி என்றால் படிப்பை முடித்துப் பயிற்சியில் இருக்கும் மாணவர். ஏன் வந்தாய், வழக்கு என்ன ஆயிற்று என்பதெல்லாம் கல்லாவில் நிற்பதற்குத் தேவைப்படாத விவரங்கள். அதே அட்டையில் 'நாட்டுக்குள் மீண்டும் நுழையச் செல்லாது' என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அதைப் படித்துவிட்டு அட்டையே செல்லாது என்று திருப்பிக் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். அது பயணத்தைப் பற்றிய வரி, வேலையைப் பற்றியது அல்ல.

எடிசன்_கடைக்காரர்:

இருவருக்கும் ஒரே மாதிரி பார்க்கிறேன். ஆனால் முதல் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. அட்டை எண்ணை யுஎஸ்சிஐஎஸ் தளத்தில் போட்டால் விண்ணப்பத்தின் நிலை தெரிகிறதே, அது போதாதா? மேலும், நம் ஊர்ச் சமையல்காரரின் அட்டையில் ஒரு சிக்கலைப் பார்த்தேன். குடும்பப்பெயர் என்ற இடத்தில் அவருடைய பெயர் இருக்கிறது, முதற்பெயர் என்ற இடத்தில் எஃப்என்யு என்று மூன்று எழுத்து இருக்கிறது. அவர் என்னிடம் தந்த விண்ணப்பத்தில் அப்பாவின் பெயரின் முதலெழுத்தைப் போட்டுத் தன் பெயரை எழுதியிருக்கிறார். அட்டை அவருக்கு உரியதாகத் தோன்ற வேண்டும் என்கிறீர்களே, இதை எப்படி எடுத்துக்கொள்வது?

பழைய_குமாஸ்தா:

எஃப்என்யு என்றால் முதற்பெயர் அறியப்படவில்லை என்பதன் சுருக்கம். இது நம்மவர்களுக்கு நேரும் பழைய தலைவலி. தமிழ்நாட்டில் ஒருவருக்கு ஒரே பெயர், முன்னால் தந்தையின் முதலெழுத்து; குடும்பப்பெயர் என்று ஒன்று கிடையாது. இந்தியக் கடவுச்சீட்டில் குடும்பப்பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டு, முழுப்பெயரையும் இன்னொரு கட்டத்தில் எழுதிவிடுகிறார்கள். அமெரிக்க முறைக்குக் குடும்பப்பெயர் இல்லாமல் ஓடாது. ஆகவே விசா கொடுக்கும்போது இருக்கிற பெயரைக் குடும்பப்பெயர்க் கட்டத்துக்குத் தள்ளிவிட்டு, முதற்பெயரில் எஃப்என்யு என்று நிரப்பிவிடுகிறார்கள். அந்தப் பதிவு அப்படியே அடுத்தடுத்த அட்டைகளுக்கும் போகிறது. 'ஃப்னு' என்று செல்லப்பெயர் வைத்து அழைக்கப்பட்ட பொறியாளர்கள் இந்த நாட்டில் ஏராளம்.

இதில் சுவாரசியமான ஒரு முரண் உண்டு. ஒரே பெயர் உள்ளவர் ஐ-9 படிவத்தில் அந்தப் பெயரைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் எழுதிவிட்டு, முதற்பெயர்க் கட்டத்தில் 'அன்னோன்' (அறியப்படவில்லை) என்று எழுத வேண்டும் என்பது அந்தப் படிவத்துக்கான அறிவுரையிலேயே இருக்கிறது. ஆக அட்டையில் எஃப்என்யு, படிவத்தில் அன்னோன், உங்கள் விண்ணப்பத்தாளில் முதலெழுத்தோடு பெயர். மூன்றும் ஒரே மனிதர். இதைப் பார்த்து மிரள வேண்டாம். படம் பொருந்துகிறது, பிறந்த தேதி பொருந்துகிறது, பெயர் மாறியிருப்பதற்கு நியாயமான காரணமும் தெரிகிறது. நீண்ட பெயர்கள் அட்டையில் பாதியில் வெட்டுப்பட்டு நிற்பதும், திருமணத்துக்குப் பின் ஒன்றில் மட்டும் பெயர் மாறியிருப்பதும் இதே கணக்கில்தான் வரும். வேண்டுமானால் படிவத்தின் கூடுதல் விவரக் கட்டத்தில் ஒரு வரி எழுதி வையுங்கள்.

டல்லஸ்_மனிதவளம்:

இணையதளக் கேள்விக்கு வருகிறேன். விண்ணப்ப நிலை காட்டும் பக்கம் அந்த எண்ணில் ஒரு விண்ணப்பம் இருந்தது, அட்டை அச்சாகி அனுப்பப்பட்டது என்று மட்டும்தான் சொல்லும். யாருடைய அட்டை என்று சொல்லாது. கைதேர்ந்த போலிக்காரர் எண்ணைக் கற்பனை செய்து போடுவதில்லை. உண்மையான ஒருவரின் அட்டையில் உள்ள எண்ணையும் பெயரையும் எடுத்துக்கொண்டு, படத்தை மட்டும் மாற்றுகிறார். அந்த எண்ணைத் தட்டினால் தளம் 'எல்லாம் சரி' என்றுதான் காட்டும். அரசு அலுவலகங்கள் பயன்படுத்தும் சேவ் என்ற சரிபார்ப்பு முறை தனியார் முதலாளிகளுக்குத் திறந்திருப்பதல்ல.

முதலாளிக்கு இருக்கும் ஒரே அதிகாரப்பூர்வ வழி ஈ-வெரிஃபை. கட்டணம் இல்லை. ஐ-9 விவரங்களை அதில் ஏற்றினால் சோஷியல் செக்யூரிட்டி பதிவுகளோடும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைப் பதிவுகளோடும் ஒப்பிட்டுச் சொல்லும். ஈஏடி காட்டியவர் என்றால் அரசின் கோப்பில் உள்ள படம் திரையில் வரும். அந்தப் படத்தை அட்டையில் உள்ள படத்தோடுதான் ஒப்பிட வேண்டும், எதிரில் இருக்கும் முகத்தோடு அல்ல; முகத்தை அட்டையோடு ஒப்பிடும் வேலை ஐ-9 நிரப்பும்போதே முடிந்திருக்க வேண்டும். படம் மாற்றிய போலி அட்டை இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்ளும்.

ஆனால் சேருவதற்கு முன் யோசியுங்கள். அரிசோனா போன்ற மாநிலங்களில் இது கட்டாயம். நியூ ஜெர்சியில் தனியார் கடைகளுக்குக் கட்டாயம் இல்லை. ஒருமுறை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டால், அதன்பின் சேரும் ஒவ்வொருவரையும் அதில் ஏற்ற வேண்டும். சந்தேகம் வந்த ஆளை மட்டும் ஏற்றுவதற்கும், ஏற்கெனவே இருக்கும் பணியாளர்களை ஏற்றிப் பார்ப்பதற்கும், வேலை கொடுப்பதற்கு முன் வடிகட்டுவதற்கும் அதைப் பயன்படுத்தக் கூடாது. பொருந்தவில்லை என்று பதில் வந்தால், அவரைத் தனியே அழைத்துச் சொல்ல வேண்டும். அவர் எதிர்த்து முறையிட விரும்பினால், உரிய அலுவலகத்தைத் தொடர்புகொள்ள எட்டு அரசு வேலை நாட்கள் கிடைக்கும், அதுவரை அவரை நிறுத்தவோ வேலை நேரத்தைக் குறைக்கவோ முடியாது. பெயர்ச் சிக்கல் உள்ள நம்மவர்கள் இந்தப் பொருந்தாமையில் எளிதில் சிக்குவார்கள் என்பதை மனத்தில் வையுங்கள்.

தென்காசிக்காரன்:

எல்லாம் சரி, ஆனால் இது முதலாளிக்கு இரண்டு பக்கமும் அடியாக இருக்கிறதே. கண்டுகொள்ளாமல் விட்டால் குடிவரவு அமலாக்கத் துறையான ஐஸின் அதிகாரிகள் வந்து அபராதம் போடுவார்கள். கொஞ்சம் கூடுதலாகக் கேட்டால் நீதித் துறை பாகுபாடு என்று பிடிக்கும். அரசாங்கம் செய்ய வேண்டிய சோதனையைக் கடைக்காரர் தலையில் கட்டிவிட்டு, அவருக்குக் கருவியும் தராமல், பிழைத்துக்கொள் என்பது என்ன நியாயம்? நான் சொல்வது இதுதான்: தெரிந்தவர் சொல்லி வருபவரை மட்டும் சேர்த்துக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை.

பழைய_குமாஸ்தா:

முதல் பாதியை ஒத்துக்கொள்கிறேன். 1986-இல் முதலாளிகளுக்குத் தண்டனை கொண்டுவரும்போதே, தண்டனைக்குப் பயந்து வெளிநாட்டுத் தோற்றமுள்ள எல்லோரையும் ஒதுக்கிவிடுவார்களோ என்ற அச்சம் எழுந்துதான், பாகுபாட்டுத் தடையையும் அதே சட்டத்தில் சேர்த்தார்கள். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஒன்றைத் தூக்கினால் இன்னொன்றும் சேர்ந்து வரும்.

இரண்டாவது பாதியை ஒத்துக்கொள்ள முடியாது, தம்பி. இந்த இழையிலேயே பாருங்கள். தேதி தாண்டிய அட்டை நம் ஊர்க்காரருடையது. சந்தேகத்துக்கு ஆளானதோ ஒரு குறையும் இல்லாத புது அட்டையை வைத்திருக்கும் அந்த அம்மா. தெரிந்தவர் சொன்னார் என்பது அட்டையைப் பற்றி எதையும் சொல்லவில்லை. சோதனைக்கு அறிவிப்பு வந்தால் படிவங்களைக் கொடுக்கக் குறைந்தது மூன்று வேலை நாட்கள் அவகாசம் தருவார்கள். அப்போது அதிகாரி கேட்கப்போவது படிவத்தை. யார் சொல்லி வந்தார் என்பதை அல்ல.

எடிசன்_கடைக்காரர்:

அப்படியானால் அந்தத் தேதி தாண்டிய அட்டையைப் பற்றியும் சொல்லிவிடுங்கள். அட்டையில் 06/05/25 வரை என்று இருக்கிறது. வகை சி09. புதுப்பிக்கும் விண்ணப்பம் 2025 மார்ச்சில் கிடைத்ததாக ஐ-797சி கடிதம் சொல்கிறது. அதிலும் சி09 என்றே இருக்கிறது. இதை வைத்துச் சேர்க்கலாமா? வேறு ஊரில் இருக்கும் என் மேலாளர், வாட்ஸாப்பில் படம் அனுப்பச் சொல்லிப் பார்த்தாலே போதும் என்கிறார்.

டல்லஸ்_மனிதவளம்:

வாட்ஸாப்பில் முடியாது. அசல் அட்டையை, ஆள் எதிரில் இருக்கும்போது, கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். 2023 ஆகஸ்ட் 1 முதல் நேரலைக் காணொளி வழியாகப் பார்க்க ஒரு மாற்று முறை இருக்கிறது, ஆனால் அது ஈ-வெரிஃபையில் முறையாக இருப்பவர்களுக்கு மட்டுமே. மேலாளர் வர முடியாவிட்டால் உங்கள் சார்பில் வேறு யாரையும் நியமித்துக்கொள்ளலாம். அவர் செய்யும் பிழைக்கு நீங்களே பொறுப்பு.

அட்டைக்கு வருவோம். அட்டை முடிவதற்கு முன்பே புதுப்பிக்க விண்ணப்பித்தவர்களில் சி09 உள்ளிட்ட சில வகையினருக்கு, பழைய அட்டை தானாகவே 540 நாட்கள் வரை நீளும் என்ற விதி இருந்தது. 2025 அக்டோபர் 30 அன்றோ அதற்குப் பிறகோ தாக்கல் செய்யப்படும் புதுப்பிப்புகளுக்கு, சில விலக்குகள் நீங்கலாக, அந்த நீட்டிப்பு இனி இல்லை. உங்கள் சமையல்காரரின் விண்ணப்பம் மார்ச் மாதத்தது, ஆகவே அவருக்கு நீட்டிப்பு உண்டு. அட்டையும் ஐ-797சி கடிதமும் சேர்ந்து ஏ பட்டியல் ஆவணம் ஆகும். பார்க்க வேண்டியவை மூன்று: கடிதத்தில் உள்ள பெறப்பட்ட தேதி அட்டை முடிவதற்கு முன்னதா, அது அந்த அக்டோபர் 30-க்கு முன்னதா, வகை இரண்டிலும் ஒன்றா. மூன்றும் சரியாக இருக்கின்றன.

தேதியைப் படிக்கும்போது மட்டும் நம் ஊர்ப் பழக்கம் காலை வாரிவிடும். 06/05/25 என்பது இங்கே ஜூன் 5, மே 6 அல்ல. ஜூன் 5-லிருந்து 540 நாட்கள் எண்ணினால் 2026 நவம்பர் 27 வரும். மே 6 என்று படித்தால் அக்டோபர் 28 என்று ஒரு மாதம் முன்பாகவே அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவீர்கள். பிறந்த தேதியில் மாதத்தை எழுத்தால் அச்சிட்டுவிட்டு இதை மட்டும் ஏன் எண்ணால் அச்சிடுகிறார்கள் என்று எனக்கும் புரியவில்லை. படிவத்தின் இரண்டாம் பகுதியில் காலாவதித் தேதியாக நவம்பர் 27-ஐ எழுதி, கூடுதல் விவரக் கட்டத்தில் 'ஈஏடி எக்ஸ்ட்' என்று அதற்குரிய ஆங்கிலச் சுருக்கத்தைக் குறிக்க வேண்டும்.

வாணி_எச்4:

ஒரு திருத்தம் அல்ல, ஒரு சேர்க்கை. என்னைப் போன்ற எச்-4 துணைவர்களுக்கு இந்த நீட்டிப்பு, நாட்டில் தங்க அனுமதித்த காலத்தைக் காட்டும் ஐ-94 பதிவின் தேதியைத் தாண்டிப் போகாது. ஆகவே எங்களிடம் ஐ-94-ஐயும் சேர்த்துப் பார்ப்பது கூடுதல் ஆவணம் கேட்பதாகாது; அது விதியிலேயே உள்ளது. எல்லா வகைக்கும் இந்த 540 நாள் கணக்கைப் போட்டுவிடாதீர்கள்.

எடிசன்_கடைக்காரர்:

திங்கள் அன்று இருவரும் சேருகிறார்கள். படிவத்தின் முதல் பகுதியை அன்றே அவர்களை நிரப்பச் சொல்லி, இரண்டாம் பகுதியை வியாழனுக்குள் நான் முடிக்க வேண்டும் என்று புரிந்துகொண்டேன். கடைசியாக ஒன்று. நகல் எடுத்து வைக்க வேண்டுமா? கையில் வாங்கிப் பார்த்தும் ஓர் அட்டை மனத்துக்கு ஒப்பவில்லை என்றால் என்ன செய்வது?

பழைய_குமாஸ்தா:

வியாழன் கணக்கு சரி; மூன்று வேலை நாட்கள். ஈ-வெரிஃபையில் இல்லாதவர் நகல் எடுப்பது அவரவர் விருப்பம். எடுத்தால் எல்லோருக்கும் எடுங்கள், உங்கள் அக்கா மகன் இங்கே பிறந்த குடிமகனாக இருந்து கடையில் சேர்ந்தாலும் அவருடையதையும் எடுங்கள். படிவத்தை, சேர்ந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு, வேலையை விட்ட நாளிலிருந்து ஓர் ஆண்டு, இவற்றில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும்.

அட்டை நியாயமான பார்வைக்கே உண்மையாகத் தோன்றவில்லை என்றால் அதை வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள், ஊரைக் கூட்டாதீர்கள். என்ன குறை கண்டீர்கள் என்பதைத் தனியாகச் சொல்லித் திருப்பிக் கொடுங்கள். பட்டியலில் உள்ள வேறு எந்த ஆவணத்தையும் கொண்டுவரலாம் என்று சொல்லி, பட்டியலையே கையில் கொடுங்கள். தேர்வு அவருடையது. ஓட்டுநர் உரிமமும், வேலைக்குக் கட்டுப்பாடு அச்சிடப்படாத சோஷியல் செக்யூரிட்டி கார்டும் கொண்டுவந்தால் அதுவே போதும். அட்டை தொலைந்ததாகவோ சேதமானதாகவோ சொல்லி, மாற்று அட்டைக்கு விண்ணப்பித்த ரசீதைக் காட்டினால் 90 நாட்கள் அதை ஏற்கலாம். மூன்று வேலை நாட்களில் எதுவுமே வரவில்லை என்றால் வேலையிலிருந்து நிறுத்தலாம். அதையும் எல்லோருக்கும் ஒன்றுபோலச் செய்ய வேண்டும்.

டல்லஸ்_மனிதவளம்:

சமையல்காரர் விஷயத்தில் மட்டும் நாள்காட்டியில் நவம்பர் தொடக்கத்திலேயே ஒரு குறிப்பைப் போட்டு வையுங்கள். நவம்பர் 27-க்குள் மறுசரிபார்ப்பை முடித்து, படிவத்தின் துணைப்பகுதி பி-யில் எழுத வேண்டும். அப்போதும் புது ஈஏடிதான் வேண்டும் என்று கேட்காதீர்கள். அவருடையது சி09, அதாவது கிரீன் கார்டு விண்ணப்பம் நடந்துகொண்டிருக்கிறது. அதற்குள் கிரீன் கார்டே வந்து அதை அவர் காட்டினால் அதை எழுதிக்கொள்ளுங்கள். அதன்பின் அந்தக் கார்டின் தேதி முடிந்தாலும் அவரை மறுபடியும் சரிபார்க்கக் கூடாது.